குட்டி யானைக்கு இரண்டு பெட்டி

செப்டம்பர் 14, 2024, சனி

மூலனூர் பக்கம் ஒரு தோட்டத்தில் இன்று மானம் போனது. போர்வெல் மோட்டாருக்குக் கெப்பாசிட்டர் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். பத்து நிமிட வேலை. ஆனால் கெப்பாசிட்டர் சாக்குப் பையின் அடியில், அதன் மேல் செயின் ரெஞ்ச், அதற்கும் மேல் கயிறு. ஒருவழியாகத் தேடி எடுத்தால் டெர்மினல் இரண்டும் நசுங்கிக் கிடக்கிறது. தோட்டக்காரர் சிரித்துக்கொண்டே, "ஏனுங், கடையையே வண்டில வெச்சிருக்கீங்க, சாமான் எங்கிருக்குதுன்னு மட்டும் தெரியறதில்லை" என்றார். தாராபுரம் திரும்பும் வழியிலேயே முடிவு செய்துவிட்டேன். என் குட்டி யானைக்கு, அதாவது டாடா ஏஸ் வண்டிக்கு, பெட்டி அடிக்க வேண்டும்.

செப்டம்பர் 15, ஞாயிறு

டேப் பிடித்து அளந்தேன். நீளம் 7 அடி 2 அங்குலம், அகலம் 4 அடி 10 அங்குலம், பக்கப் பலகை உயரம் ஒரு அடி. குட்டி யானையில் ஒரு சௌகரியம், சக்கர மேடு உள்ளே துருத்தாது. தளம் ஒரே சமம்.

இரண்டு பக்கமும் 15 அங்குல அகலத்தில் நீளப் பெட்டி. நடுவில் 28 அங்குலம் சந்து. பத்தடி பைப் அந்தச் சந்தில் படுக்கும், வால் மட்டும் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும்.

வண்டியில் ஓட்டை போடுவதில்லை, வெல்டிங்கும் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, ஆர்.சி. விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. அதெல்லாம் போக, ஓட்டை போட்ட இடத்தில்தான் துரு முதலில் பிடிக்கும். பெட்டி எப்போது வேண்டுமானாலும் கழற்றி இறக்குகிற மாதிரிதான் இருக்க வேண்டும்.

செப்டம்பர் 22, ஞாயிறு

12 எம்.எம். ப்ளைவுட் மூன்று ஷீட். கடைக்காரர் சாதா கமர்ஷியல் ப்ளையை எடுத்து நீட்டினார். வேண்டாம் என்று, தண்ணீர் தாங்கும் ப்ளைக்கான ஐ.எஸ். 710 முத்திரை உள்ளதாகப் பார்த்து வாங்கினேன். கொதிக்கும் நீரில் 72 மணி நேரம் போட்டும் பசை விடக் கூடாது என்பது அதற்கான சோதனை. விலை கொஞ்சம் உறைத்தது. ஆனால் ஐப்பசி மழையில் என் வண்டிக்கு ஏது கூரை?

ஒரு ஷீட் இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். கடையிலேயே வெட்டி வாங்கிவிட்டேன்.

செப்டம்பர் 29, ஞாயிறு

பெயின்ட். எதிர்வீட்டு ஆசாரி அண்ணன் எட்டிப் பார்த்து, "முகத்துக்குப் பூசறதை விட ஓரத்துக்குப் பூசு தம்பி. ப்ளை தண்ணி குடிக்கிறது ஓரத்துலதான்" என்றார். வெட்டின ஓரம் எல்லாவற்றுக்கும் பிரைமர் மூன்று கை. முதல் கை பூசிய வேகத்தில் உறிஞ்சிக்கொண்டது. அவர் சொன்னது சரிதான்.

அக்டோபர் 11, வெள்ளி, ஆயுத பூஜை

காலையிலேயே பெட்டிகளை ஏற்றினோம். அடியில் ஒரு அங்குல ரீப்பர் (மரச் சட்டம்), மழைத் தண்ணீர் கீழேயே ஓடிவிடும். இரண்டு பெட்டிக்கும் நடுவே, தளத்தை ஒட்டி, முன்னால் ஒன்று பின்னால் ஒன்றாகக் குறுக்கே எல் ஆங்கிள் பட்டை. அது பெட்டிகளைப் பக்கப் பலகையோடு அழுத்திப் பிடிக்கிறது. முன்னால் கேபின் பக்கத் தடுப்பு, பின்னால் கதவு. ஒரு ஓட்டைகூடப் போடாமல் அசையாமல் நிற்கிறது. வீட்டில், வண்டிக்குப் பொட்டு வைத்த கையோடு இரண்டு பெட்டிக்கும் வைத்துவிட்டாள். பூசணிக்காய் உடைத்தாயிற்று.

அக்டோபர் 16, புதன்

நேற்றே மழை பிடித்துக்கொண்டது. இன்று ஒரு வீட்டு போரில் மோட்டார் இறக்க வேண்டும். 300 அடி ஓஸ் சுருளை வண்டியில் எங்கே வைப்பது? சந்தில் நுழையாது. இரண்டு பெட்டியின் மேலேதான் வைத்தாக வேண்டும். வைத்தோம், கட்டினோம், போய்ச் சேர்ந்தோம். அங்கே போய் பைப் ரெஞ்ச் எடுக்கலாம் என்று பார்த்தால், பெட்டியின் மூடி மேல்பக்கம் திறக்கிறது, மூடியின் மேல் ஓஸ் உட்கார்ந்திருக்கிறது!

கொட்டும் மழையில் நானும் உதவிக்கு வரும் பையனும் சுருளை இறக்கி, ரெஞ்ச் எடுத்து, மறுபடி ஏற்றி, டேப்புக்காக மறுபடி இறக்கி... எழுதவே வெட்கமாக இருக்கிறது. அளவெல்லாம் அங்குல சுத்தமாக எடுத்தவன், பெட்டிக்கு மேல் என்ன வரும் என்று யோசிக்கவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

பெட்டியின் பின் பாதியை மூன்றரை அடி டிராயராக மாற்றினேன். பின் கதவை இறக்கினால் வெளியே இழுக்கலாம், மேலே எது இருந்தாலும் கவலையில்லை. முன் பாதி மேல்மூடியாகவே இருக்கட்டும். செயின் புல்லி, பழைய ஸ்டார்ட்டர் மாதிரி எப்போதாவது எடுக்கிற சாமானுக்கு அது போதும்.

டிராயர் ஓட, பால்ஸ் வைத்த டெலஸ்கோப்பிக் சேனல் போடலாம் என்றிருந்தேன். ஆசாரி அண்ணன் தடுத்தார். தோட்டத்துச் செம்மண் தூசி பால்ஸுக்குள் போனால் கதை முடிந்ததாம். ரீப்பர் மேல் ரீப்பர், நடுவில் மெழுகுவத்தி தேய்ப்பு, அவ்வளவுதான். வழுக்கிக்கொண்டு போகிறது. முழுக்க வெளியே வந்து காலில் விழாமல் இருக்க, பின்பக்கம் ஒரு பெல்ட் துண்டு. பைப் ஏற்றும் நாளில் பின் கதவு திறந்தே போகும் என்பதால் டிராயருக்கு ஒரு கொண்டியும் போட்டேன்.

அக்டோபர் 27, ஞாயிறு

முன்மூடியில் கீல் வழியாகத் தண்ணீர். ரப்பர் பீடிங் மூன்று பக்கம் ஒட்டியிருந்தேன், கீல் பக்கம் விட்டுப்போயிற்று. பழைய தேர்தல் ஃபிளெக்ஸ் ஒன்றைக் கீல் முழுக்க மூடுகிற மாதிரி வெட்டி ஒட்டினேன். இடது பெட்டியில் ஒரு கும்பிட்ட கை, வலது பெட்டியில் பாதி மீசை. தண்ணீர் நின்றது.

நவம்பர் 3, ஞாயிறு

தீபாவளிக்கு அப்புறம் இன்றுதான் வண்டியைத் துடைத்தேன். ஸ்பீடு பிரேக்கரில் வலது டிராயர் கடகடக்கிறது, சைக்கிள் டியூப் வெட்டி வைக்க வேண்டும். இடது டிராயரில் கெப்பாசிட்டருக்கென்று அளந்து தடுத்த அறையைத் திறந்தால், உள்ளே பையனின் டிபன் பாக்ஸ். அளவு அவ்வளவு கச்சிதம், அசையவே இல்லை. கெப்பாசிட்டர் எங்கேடா என்றால், பத்திரமாக இருக்கட்டும் என்று சாக்குப் பையில் வைத்திருக்கிறானாம்.