சித்தப்பா வாட்ச்சில் மட்டும் புக்கெட் வந்தது

சித்தப்பாவும் சித்தியும் கப்பல் சுற்றுலா போய் ஊர் திரும்பி இன்றோடு நாலு நாள். மகாதானத் தெருவில் எதிர்ப்படுகிற அத்தனை பேரும் "புக்கெட் எப்படி இருந்துச்சு சார்?" என்று கேட்கிறார்கள். கேட்கத்தானே செய்வார்கள்? மூன்று மாதமாக இஸ்திரி வண்டிக்காரரில் தொடங்கி பல் டாக்டர் வரைக்கும் சொல்லிவைத்தது அவர்தான். இப்போது காலைப் பால் வாங்கக்கூட சித்திதான் வெளியே வருகிறார்.

திட்டம் என்னவோ பழுதில்லாத திட்டம். சிங்கப்பூரில் கப்பல் ஏற்றம், மறுநாள் முழுக்கக் கடல், மூன்றாம் நாள் தாய்லாந்தின் புக்கெட் தீவு, நாலாம் நாள் மறுபடி கடல், ஐந்தாம் நாள் சிங்கப்பூர். அந்த மூன்றாம் நாளுக்கு மட்டும் சித்தப்பா எக்செலில் தனித் தாள் போட்டிருந்தார். 7.10 டிபன். 8.05 இறக்கம். 9.00 பாங்-ங்கா விரிகுடாவுக்குத் தனிப் படகு. 2.40 கோடாலித் தைலம் வாங்குதல். ஸ்டேஷன் மாஸ்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஏழு வருஷம் ஆகிறது. பச்சைக் கொடி மட்டும் இன்னும் கையைவிட்டுப் போகவில்லை.

அந்தத் தாளில் ஒரே ஓட்டை, தேதி. ஜூலை.

புக்கெட்டின் மேற்குக் கரை அந்தமான் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று கிளப்புகிற அலை நேராக அங்கேதான் வந்து விழும். பெரிய கப்பல்கள் படோங் கடற்கரைக்கு எதிரே நங்கூரம் போட்டுக்கொண்டு, ஆட்களைச் சின்னப் படகில் கரைக்கு அனுப்புவது வழக்கம். கப்பலின் விலாவில் தண்ணீர் மட்டத்துக்குக் கதவைத் திறந்து ஒரு மேடை இறக்குவார்கள். அதிலிருந்து படகில் கால் வைக்க வேண்டும். அலை இருக்கிற நாளில் மேடை ஒரு தாளத்தில் ஏறி இறங்கும், படகு வேறொரு தாளத்தில். நடுவில் அறுபத்தேழு வயசு முழங்கால். கேப்டன் வேண்டாம் என்று சொல்ல இது போதும். மலேசியாவின் பினாங்கில் அந்தத் தொல்லை இல்லை. அது மலாக்கா நீரிணையின் வாயிலுக்குள் இருக்கிறது. மேற்கேயிருந்து வருகிற அலையைச் சுமத்ரா பெரும்பாலும் வாங்கிக்கொள்ளும். ஸ்வெட்டன்ஹாம் துறையில் கப்பல் கரையோடு ஒட்டி நிற்கும், பஸ்ஸிலிருந்து இறங்குகிற மாதிரி இறங்கலாம்.

ஆக, டிக்கெட் எடுக்கும்போது பஃபேயில் இட்லி உண்டா என்று கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது, "ஒவ்வொரு ஊரிலும் கப்பல் கரையில் கட்டுமா, கடலில் நின்று படகில் இறக்குமா?" என்பதுதான். படகு என்று பதில் வந்தால் அந்த ஊர் பாதி நிச்சயம். பருவமும் எதிராக இருந்தால் கால்வாசி. நம் கரைக்கு இதே கணக்கு அக்டோபரில் தொடங்கும். நாகப்பட்டினம்–காங்கேசன்துறை கப்பலை 2023 அக்டோபர் 14-ல் தொடங்கி, வடகிழக்குப் பருவமழை என்று சொல்லி ஒரு வாரத்துக்குள் நிறுத்தி, பிறகு 2024 ஆகஸ்ட் 16-ல்தானே மறுபடி விட்டார்கள்? அந்த முதல் வாரத்தில் சித்தப்பா நாகப்பட்டினம் போய் விசாரித்துவிட்டு வந்தவர். அப்படியும் ஜூலையில் புக்கெட்.

புக்கெட் இல்லை, அதற்குப் பதில் பினாங்கு என்று இரண்டாம் நாள் மதியம் கேப்டன் அறிவித்துவிட்டார். ஆனால் கப்பல் அறிவிப்பு நடைபாதையிலும் மேல்தளத்திலும்தான் கேட்கும். அறைக்குள் பெரும்பாலும் அவசர அறிவிப்பு மட்டும்தான் வரும்; மற்றதைக் கேட்க வேண்டுமென்றால் கதவைத் திறந்துகொண்டு நிற்க வேண்டும். சித்தப்பா ஏசியை 18-ல் வைத்துவிட்டுத் தூக்கம். தயிர் வரிசையில் நின்றிருந்த சித்தி காதில் விழுந்தது. ஓடி வந்து எழுப்பியிருக்கிறார்.

"என்னங்க, ஏதோ பினாங்குங்கறாங்க."

"அது நடுவுல வர்ற ஸ்டேஷன். நிக்காது. படு."

கதவுக்கடியில் கடிதம் வந்தபோது மணி ஆறு. அந்த நாலு மணி நேரம்தான் விலை உயர்ந்தது. துறைமுகம் மாறினால் முதலில் ஓட வேண்டிய இடம் சுற்றுலா மேசை. வரவேற்பு மேசைக்கு ஓடக் கூடாது. அங்கே ஏற்கெனவே இருநூறு பேர் ஒரே கடிதத்தை ஆட்டிக்கொண்டு நிற்பார்கள். மேசைக்குப் பின்னால் நிற்கிற பெண்ணுக்குக் கடலை அடக்கத் தெரியாது. சுற்றுலா மேசையிலோ புது ஊருக்கான பட்டியல் அன்றைக்கே திறந்து, நல்லவை மளமளவென்று தீரும். கப்பல் மூலமாகப் பதிந்த பழைய சுற்றுலாவுக்கு நீங்கள் எதுவும் செய்ய வேண்டாம், பணம் தானாக அறைக் கணக்குக்கு வந்துவிடும். வெளியாளிடம் பதிந்ததைத்தான் நாமே சொல்லி நிறுத்த வேண்டும். "கப்பல் வராவிட்டால் முழுப் பணமும் திருப்பம்" என்ற வரி அவன் நிபந்தனையில் இருக்கிறதா என்று பதியும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். இருந்தால், கடிதத்தைப் படம் எடுத்துப் பதிவு எண்ணோடு அனுப்பினால் முடிந்தது. கார்டில் கட்டியிருந்தால் இன்னும் தேவலை.

விசாவையும் அந்த நிமிஷமே கேட்டுவிட வேண்டும். மாற்று ஊர் வேறு நாடாக இருந்து, உங்கள் பாஸ்போர்ட்டுக்கு அங்கே விசா வேண்டுமென்றால், எல்லாரும் இறங்க நீங்கள் மேல்தளத்தில் நின்று கையாட்ட வேண்டியதுதான். 2023 டிசம்பர் 1 முதல் மலேசியா இந்தியர்களுக்கு 30 நாள் வரை விசா கேட்பதில்லை என்பதால் சித்தப்பா பிழைத்தார்.

சித்தப்பா வரவேற்பு வரிசையில் ஒரு மணி நேரம் நின்றார். டிக்கெட்டின் நிபந்தனைகளில் கப்பல் எந்தத் துறைமுகத்தையும் மாற்றலாம், விடலாம், அதைக் காரணம் காட்டி இழப்பீடு கேட்க முடியாது என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். திரும்ப வருவது போகாத ஊரின் துறைமுகக் கட்டணம் மட்டும். அதிலும் புது ஊரின் கட்டணத்தைக் கழித்துக்கொண்டு மிச்சம். இரண்டு பேருக்கும் சேர்த்து 11 டாலர் வந்தது. அதற்கு இரண்டு காபி குடித்துவிட்டு, கழுநீர் என்று குடும்ப வாட்ஸப் குழுவில் எழுதினார்.

அவர் கோபத்தைத்தான் புரிந்துகொள்ள முடியவில்லை. டெல்டாவில் பிறந்தவனுக்கு இதெல்லாம் புதுசா? மேட்டூர் திறப்பு ஜூன் 12 என்று நாமெல்லாம் பிறக்கும்போதே காதில் ஓதியிருக்கிறார்கள். 2022-ல் மே 24-லேயே திறந்தார்கள். 2024-ல் ஜூலை 28 வரை வாயைத் திறந்துகொண்டு உட்கார வைத்தார்கள். தண்ணீர் வருமென்று சொன்ன தேதியை நம்பி கடைமடையில் எவனாவது நாற்று விட்டிருக்கிறானா? போர்வெல்லில் கொஞ்சம், பேப்பரில் கொஞ்சம், மாரியம்மனிடம் கொஞ்சம் என்றுதானே பயிர் வைக்கிறோம். கொல்லைக்கு இருக்கிற அந்த மூளை கப்பலேறினால் எங்கே போகிறது?

பிறகு அவர் செய்ததுதான் எல்லாவற்றுக்கும் வித்து. புக்கெட் படகுக்காரனை நேரடியாக ஃபோனில் கூப்பிட்டார். நடுக்கடலில் ஃபோனில் புள்ளி காட்டுகிறதே என்று சந்தோஷப்படக் கூடாது. அது கப்பல் தன் சொந்தத்தில் வைத்திருக்கிற நெட்வொர்க், நிமிஷத்துக்குத் தீட்டும். நம் ஊரில் போட்டுக்கொண்டு போகிற ரோமிங் பேக் பெரும்பாலும் அதற்குச் செல்லாது. ஃபோனை ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டு, கப்பல் வைஃபையில் செய்தி மட்டும் அனுப்ப வேண்டும். ஓசூரிலிருந்து தம்பி குழுவில் கத்தினான்: "அப்பா, ஃப்ளைட் மோடு!"

"கப்பல்ல எதுக்குடா ஃப்ளைட் மோடு?"

ஆறு நிமிஷம் பேசியிருக்கிறார். தாய்லாந்து இங்கிலீஷும் மாயவரம் இங்கிலீஷும் கட்டிப்புரண்டதில் ஆன தொகை எஸ்எம்எஸ்ஸில் வந்ததும், ஃபோனை ஒரேயடியாக அணைத்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். படகுப் பணத்தைப் பிறகு தம்பிதான் மெயில் போட்டு வாங்கினான், அது வேறு கதை.

ஃபோன் போனதால் நேரத்துக்கு அவரிடம் மிஞ்சியது கையிலிருந்த எச்எம்டி வாட்ச். அந்த எச்எம்டியை அவர் சிங்கப்பூரில் ஏறின ராத்திரியே ஒரு மணி நேரம் பின்னால் தள்ளி வைத்திருந்தார். தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்னால், முன்கூட்டியே தயார். ஊர் மாறியது, நாடு மாறியது, எக்செல் தாள் போனது. வாட்ச்சைத் திருப்பி வைக்க மட்டும் தோன்றவில்லை. மலேசியாவும் சிங்கப்பூரும் ஒரே நேரம்.

கப்பலில் இருக்கிற வரைக்கும் கப்பல் நேரம்தான் நேரம். அன்றாடம் அறைக்கு வருகிற தாளில் "எல்லாரும் கப்பலில் இருக்க வேண்டிய மணி" என்று ஒன்று போட்டிருக்கும். கிளம்புகிற மணி வேறு, அதைப் பார்த்து ஏமாறக் கூடாது. அதே தாளில் உள்ளூர்த் துறைமுக முகவர் எண்ணும் இருக்கும். இறங்குவதற்கு முன் தாளை ஒரு படம் எடுத்துக்கொள்ள வேண்டும். கப்பலே நடத்துகிற சுற்றுலா தாமதமானால் காத்திருப்பார்கள்; தனியாகப் போனவருக்குக் காத்திருக்க மாட்டார்கள். விட்டுவிட்டால் அடுத்த ஊருக்கு உங்கள் செலவில் போய்ச் சேர வேண்டியதுதான்.

பினாங்கில் அன்றைக்கு அந்த மணி 4.30.

காலையில் மாரியம்மன் கோயில். குவீன் தெருவில், 1833-ல் கட்டியது. துறையிலிருந்து நடந்தே போகலாம், இதற்குச் சுற்றுலா எதுவும் தேவையில்லை. சித்தப்பா புக்கெட்டுக்காகக் கும்பகோணத்தில் எடுத்த அரைக்கால் சட்டையில் கோபுரத்துக்கு முன்னால் விழித்துக்கொண்டு நின்றார். சித்தி கைப்பையைத் திறந்து நாலு முழ வேட்டியை எடுத்து நீட்டினார். அம்மன் இல்லாத ஊர் உண்டா என்று கிளம்பும்போதே மடித்து வைத்திருக்கிறார். மலை ரயில் ஏறலாமென்று யோசித்து, தூரத்தைக் கேட்டுவிட்டுக் கைவிட்டார்கள்.

அடுத்து பாத், அதாவது தாய்லாந்துப் பணம். திருச்சியில் 8,000 பாத் மாற்றிக் கொண்டுபோயிருந்தார். ஓர் ஊரை மட்டும் நம்பி அந்த ஊர்ப் பணத்தை மொத்தமாக வாங்கவே கூடாது. சிங்கப்பூர் டாலராக வைத்துக்கொண்டு, இறங்கின இடத்தில் வேண்டியதை மட்டும் மாற்றினால், மிச்சம் சிங்கப்பூரிலேயே செல்லும். பினாங்கில் பாத் செல்லாது, மலேசியப் பணமான ரிங்கிட்டாக மாற்றியாக வேண்டும். லிட்டில் இந்தியா பக்கம் பணம் மாற்றுகிற கடைகளில் நிறையப் பேர் தமிழ் முஸ்லிம்கள். சித்தப்பா நுழைந்த கடைக்காரர் கூத்தாநல்லூர். போதாதா? வெண்ணாற்றில் தண்ணீர் வந்துவிட்டதா என்பதில் ஆரம்பித்து, லட்சுமாங்குடி பாலம், திருவாரூர் தேர் என்று போய்க்கொண்டிருக்க, சித்தி தன் ஃபோனை எடுத்துப் பார்த்திருக்கிறார்.

"என்னங்க, மூணு அம்பதுங்குது."

"உன் ஃபோன் இன்னும் சிங்கப்பூர்லயே நிக்குது. இப்ப ரெண்டு அம்பது."

கூத்தாநல்லூர்க்காரர் டீ வரவழைத்தார். குடித்து முடித்து டம்ளரை வைக்கும்போதுதான் கேட்டிருக்கிறார். "கப்பல் எத்தனை மணிக்கு அண்ணே?"

"நாலரை. நிறைய டயம் இருக்கு."

அவர் ஒன்றும் சொல்லாமல் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். 4.12.

முப்பத்தாறு வருஷம் மற்றவர்களை ரயிலுக்கு ஓடவிட்டுப் பிளாட்பாரத்தில் நின்று பார்த்த மனிதர், அரைக்கால் சட்டைக்கு மேல் வேட்டியோடு பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ஓடினார். பின்னால் சித்தி, பிரசாதம் கொட்டாமல். 4.27-க்குக் கப்பல் அட்டையைக் காட்டி உள்ளே போனார்கள். வாட்ச்சில் 3.27.

நேற்று சாயங்காலம் இதையெல்லாம் சித்தி சொல்லச் சொல்ல, அப்பாயி ஊஞ்சலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தது. எண்பத்தெட்டு வயசு. காது கேட்காது என்று நாம் நினைக்கிற நேரத்தில்தான் நன்றாகக் கேட்கும்.

"பினாங்குல கப்பல் கரையில ஒட்டியா நின்னுச்சு?"

"ஆமாம்மா. படகெல்லாம் இல்ல," என்றார் சித்தப்பா.

"நாகப்பட்டணத்துல படகுதான். கப்பல் கண்ணுக்கெட்டுற தூரத்துல நிக்கும்." 1926-ல் கட்டின ரஜூலாவைச் சொல்கிறது. பினாங்கிலிருந்து நாகப்பட்டினம் வந்து சென்னைக்குப் போய்க்கொண்டிருந்த கப்பல். "உன்னைய வயித்துல வச்சுக்கிட்டு கரையில நிக்கிறேன். ஐப்பசிக் கடலு. படகு தள்ள முடியாதுன்னுட்டாங்க. உங்கப்பாவோட கப்பலு அப்புடியே மெட்ராசுக்குப் போயிருச்சு. புகை மட்டும் தெரிஞ்சுது."

ஊஞ்சல் நின்றுவிட்டது. சித்தப்பா இந்தக் கதையை இதுவரை கேட்டதில்லை போலிருக்கிறது. மூன்று நாள் கழித்து மாயவரம் ஜங்ஷனில் ரயிலிலிருந்து இறங்கினாராம் தாத்தா.

"ஒண்ணும் பேசலம்மா நானு. அவுகளும் பேசல. ஆனா பாரு, அத்தன அலைச்சல்லயும் கோடாலித் தைலத்த மறக்காமக் கொண்டாந்தாக." அப்பாயி சித்தப்பாவைப் பார்த்துக் கையை நீட்டியது. "எங்கடா?"

அது புக்கெட் தாளில் இருந்தது. 2.40-க்கு.