பூஜ்ஜிய பைட் கேட்டால் என்ன கிடைக்கும்?

சி மொழியில், முன்பே ஒதுக்கிய நினைவகத்தின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் ரீஅலாக் பயன்படுகிறது. அதற்குப் புதிய அளவாகப் பூஜ்ஜியத்தைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்ற கேள்விக்கு, அம்மொழியின் விதிகளை வகுக்கும் தரநிலை ஒவ்வொரு பதிப்பிலும் ஒவ்வொரு விடை சொல்லி வந்திருக்கிறது.

இதில் நான் மாட்டிக்கொண்டது ஒரு சின்ன நிரலால்தான். பட்டியலிலிருந்து ஒரு பதிவை நீக்கும்போதெல்லாம் ரீஅலாக்கை அழைத்து இடத்தைச் சுருக்குவேன். நல் சுட்டி, அதாவது எந்த இடத்தையும் சுட்டாத வெற்றுச் சுட்டி, திரும்பினால், இடம் கிடைக்கவில்லை என்று கொண்டு, பழைய சுட்டியை ஃப்ரீ செய்து, அதாவது அதன் இடத்தை விடுவித்துவிட்டு வெளியேறுவேன். கடைசிப் பதிவும் நீங்கிய அன்று, ஒரே இடத்தை இருமுறை விடுவித்ததாகச் சொல்லி லினக்ஸில் நிரல் நின்றுபோனது. ரீஅலாக்கைத் தரும் அங்குள்ள சி நூலகமான ஜிலிப்சி, அளவு பூஜ்ஜியம் என்றால் பழைய இடத்தைத் தானே விடுவித்துவிட்டு நல் சுட்டியைத் திருப்புகிறது. நான் தோல்வி என்று படித்த அதே நல், அதன் கணக்கில் வேலை முடிந்ததற்கான அடையாளம்.

1989ஆம் ஆண்டின் தரநிலைப் பதிப்பான சி89 இதைத் தெளிவாகவே சொன்னது: அளவு பூஜ்ஜியமாக இருந்து, கொடுத்தது நல் சுட்டியாக இல்லாவிட்டால், அது சுட்டும் பொருள் விடுவிக்கப்படும். சி99 அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டது. புதிய பொருளுக்கு இடம் ஒதுக்க முடியாவிட்டால் பழையது விடுவிக்கப்படாது என்ற வாக்கியம் மட்டும் நின்றது. ஆனால் பூஜ்ஜிய பைட் கேட்டவருக்கு நல் கொடுப்பது ஒதுக்க முடியாமையா, ஒதுக்க வேண்டாம் என்ற முடிவா? முடியாமை என்று படித்தால் பழைய பொருள் உயிரோடு இருக்க வேண்டும். முடிவு என்று படித்தால் அந்த வாக்கியம் இங்கே பேசவே இல்லை. ஜிலிப்சி பழைய வழக்கத்தை விடவில்லை; பிஎஸ்டி என்ற இயங்குதளக் குடும்பமோ நல் அல்லாத ஒரு சுட்டியைத் திருப்பியது.

400ஆம் எண் கொண்ட குறைபாட்டு அறிக்கை இந்தச் சிக்கலைத் தரநிலைக் குழுவின் முன் வைத்தது. அதன் விளைவாக சி17இல், நல் திரும்பும் நிலையைச் சொல்லும் இடத்தில் 'ஒதுக்க முடியாவிட்டால்' என்றிருந்தது 'ஒதுக்கப்படாதிருந்தால்' என்று மாறியது. திறமையின்மையைக் குறிக்கும் சொல்லை நீக்கி, நடந்ததை மட்டும் சொன்ன அந்தத் திருத்தம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அதோடு, பழைய பொருள் விடுவிக்கப்படுமா என்பதை ஜிலிப்சி போன்ற ஒவ்வொரு செயலாக்கமும் தானே முடிவு செய்து ஆவணப்படுத்தட்டும் என்றும் விட்டுவிட்டார்கள். சி23 ஒரு படி மேலே போய், பூஜ்ஜிய அளவைக் கொடுப்பதே வரையறுக்கப்படாத நடத்தை, அதாவது விளைவுக்குத் தரநிலை எந்த உறுதியும் தராத பிழை, என்று அறிவித்துவிட்டது. இதைத் தெளிவு என்று ஒப்புக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. சி89ஐ நம்பி எழுதிய நிரல்கள் ஒரு எழுத்தும் மாறாமலேயே பிழையான நிரல்களாகிவிட்டன.

இப்போது என் நிரலில் ரீஅலாக்குக்கு முன்பே அளவைப் பார்த்து, பூஜ்ஜியமானால் ஃப்ரீயை நேரடியாக அழைத்து, சுட்டிக்கு நானே நல் இட்டுவிடுகிறேன்.