வேலமரத்தில் ஒரு பனிமான்

வேலங்கிளையில் வரிசையாக இருந்த பழுப்பு முட்களில் ஒன்றைத் தொடப் போனேன். டக்கென்று குதித்துவிட்டது! அருகே ஓயாமல் ஓடிய எறும்புகளைப் பார்த்ததும்தான் விளங்கியது: ட்ரீஹாப்பர், செடியின் சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி. அதன் இனிப்புக் கழிவுக்காகத்தான் எறும்புகள். அறிவியல் பெயர் ஆக்ஸிரேகிஸ் டராண்டஸ்.

1798இல் டென்மார்க்கின் பூச்சியியலாளர் ஃபேப்ரீசியஸ் வைத்த பெயர் இந்த டராண்டஸ். அதற்குப் பனிமான் என்று பொருள். வெயிலில் காயும் பூச்சிக்குப் பனிமான் பெயர்! சரி, அந்தக் கொம்புகளைப் பார்த்தால் மன்னிக்கலாம். உண்மையில் அது கொம்பே இல்லை. முன்மார்பின் மேல்தகடுதான் பக்கவாட்டில் நீண்டு, பின்னால் வாலாக வயிற்றின் மேல் படர்ந்திருக்கிறது.

இதை வகைப்படுத்தியதிலும் ஒரு குழப்பம். ஆக்ஸிரேகிஸ் கூட்டத்தை ஒரு காலத்தில் தனித் துணைக்குடும்பமாகவே வைத்திருந்தார்கள். இப்போது சென்ட்ரோட்டினே என்ற துணைக்குடும்பத்துக்குள் ஓர் உட்பிரிவு. நம் ஊர் ட்ரீஹாப்பர்கள் எல்லாமே அந்த ஒரு துணைக்குடும்பம்தான். மற்ற விசித்திர வடிவங்களெல்லாம் அமெரிக்கக் கண்டங்களுக்குப் போய்விட்டன. கொஞ்சம் பொறாமைதான்.

நம்மாள் இந்தியாவோடு நிற்கவில்லை, ஆப்பிரிக்காவிலும் உண்டு. அங்கேயும் வேல இனங்கள்தான் பிடித்த இடம். அப்புறம், துவரை போட்டவர்கள் தண்டையும் ஒருமுறை பாருங்கள். இதன் உறவுக்காரர்கள் அங்கே சாறு உறிஞ்சிக்கொண்டிருக்கலாம்.