புவெர்த்தோ பிராமிதெஸ் கரையில் மணல் டாலர்கள்

அர்ஜென்டினாவின் வால்தெஸ் தீபகற்பத்துக்குப் பெரும்பாலோர் திமிங்கிலம் பார்க்க வருகிறார்கள். நான் புவெர்த்தோ பிராமிதெஸ் ஊருக்குப் போனது, கடல் வற்றும்போது வெளியே தெரியும் பாறைத்திட்டுக்காக. சுமார் ஒரு கோடி ஆண்டுக்கு முந்தைய மயோசீன் கடலடி அது. காலடியிலேயே தடித்த சிப்பிகள், அவற்றுக்கு நடுவே உள்ளங்கையில் அடங்கும் வட்டத் தட்டுகள்.

மோனோபோராஸ்டர் டார்வினி! பீகிள் கப்பலில் வந்த டார்வின், தென் அர்ஜென்டினாவின் பத்தகோனியாவில் சேகரித்த மணல் டாலர், அதாவது தட்டையான கடல் முள்ளெலி. 1847இல் தெசோர் என்ற ஆய்வாளர் டார்வினின் பெயரையே இதற்கு வைத்தார்.

மேற்புறத்தில் ஐந்து இதழ்ப் பூ. அந்த இதழ்களின் நுண்துளைகள் வழியாக நீட்டும் அகன்ற, மெல்லிய குழாய்க்கால்களால்தான் (குழாய் போன்ற மென்மையான உறுப்புகள்) இந்த உயிர் சுவாசித்தது. பின்பக்கம் தட்டை ஊடுருவும் ஒரே ஒரு பெரிய துளை. மெலிட்டா என்ற மணல் டாலர் இனங்களில் இப்படி ஐந்து இருக்கும், எக்கினோடிஸ்கஸ் என்ற இன்னொரு வகையில் இரண்டு. அப்படியென்றால் துளையை எண்ணிக் குடும்பம் சொல்லிவிடலாமா? முடியாது. அமெரிக்கக் கரைகளின் மெலிட்டா குடும்பத்திலும், இந்திய-பசிபிக் கடல்களின் எக்கினோடிஸ்கஸ் குடும்பத்திலும் துளைகள் தனித்தனியாகத் தோன்றியவை.

உறவைச் சொல்வது வாய் இருக்கும் அடிப்பக்கம். ஓடு முழுவதும் சுண்ணாம்புச் சில்லுகளால் ஆனது. குழாய்க்கால் வரிசைகள் ஐந்து, அவற்றுக்கு இடைப்பட்ட வரிசைகள் ஐந்து. இடைவரிசை ஒவ்வொன்றும் வாயருகே ஒற்றைச் சில்லில் தொடங்குகிறது. அடுத்த சில்லு அதைத் தொடுகிறதா, இல்லை பக்கத்து வரிசைகள் நடுவில் புகுந்து பிரித்துவிட்டனவா? குடும்பம் பிரிக்க இது முக்கியமான சாட்சி. காய்ந்த ஓட்டில் பொருத்துக்கோடுகள் மங்கிவிடும், ஈரத்தில் துலங்கும். தண்ணீர் அப்போதுதான் வடிந்திருந்ததால், வாய்ப்பக்கம் மேலாகக் கிடந்த ஒரு தட்டில் கோடுகள் அவ்வளவு தெளிவு! முழங்கால் போட்டு வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம், பெரிய வகைப்பாடே இப்போது மாறியிருக்கிறது. 1955இல் டர்ஹாம் என்ற ஆய்வாளர் எழுதிய விரிவான ஆய்வில் மணல் டாலர்களும், அவற்றைப் போன்ற ஆனால் தடித்த கடல் பிஸ்கட்டுகளும் ஒரே வகைப்பாட்டுப் பிரிவில் இருந்தன. மரபணு ஆய்வுகளோ இரண்டும் நேரடி உடன்பிறப்புகள் அல்ல, எக்கினோலாம்பாஸ் வகைக் கடல் முள்ளெலிகள்தான் மணல் டாலருக்கு நெருக்கம் என்கின்றன. தட்டை வடிவம் மட்டும் உறவுக்குச் சாட்சியாகாது என்பது எனக்கு நியாயமாகவே படுகிறது.

இங்கே புதைபடிவங்களை எடுத்துப்போவது சட்டவிரோதம், கிடப்பது கிடந்த இடத்திலேயே இருக்கட்டும். போகிறவர்கள் அலை வற்றும் நேரம் பார்த்துப் போங்கள். பூவைப் படமெடுத்ததோடு நிறுத்தாமல், வாய்ப்பக்கம் தெரியும் தட்டுகளையும் தேடி, பக்கத்தில் ஓர் அளவுகோல் வைத்து எடுங்கள்.