ரேவதி, கேமராவுக்குப் பின்னால்

தேவர் மகனில் பாடச் சொன்னதும் ரேவதி தலை குனிந்து, குரல் எழாமல், வெறும் காற்றாக மூச்சு விடுவாரே, அந்த இடத்தை நேற்று மறுபடி பார்த்தேன். பஞ்சவர்ணத்தின் மொத்தக் கூச்சமும் அந்த மூச்சில் இருக்கிறது. தேசிய விருது சும்மா வரவில்லை.

கொச்சியில் பிறந்தவர், இயற்பெயர் ஆஷா. சின்ன வயதிலிருந்தே பரதம். 1983-ல் பாரதிராஜா மண்வாசனையில் அறிமுகப்படுத்தினார். மூன்றே வருடத்தில் மௌன ராகம் திவ்யா. அந்தக் கோபமும் பிடிவாதமும் எங்கள் வீட்டு அக்காக்களிடம் நான் பார்த்தவை.

சரி, நான் சொல்ல வந்தது இயக்குநர் ரேவதியைப் பற்றி. முதல் படம் 'மித்ர், மை ஃபிரெண்ட்', ஆங்கிலத்தில். கல்யாணமாகி அமெரிக்கா போன ஒரு பெண்ணின் தனிமைதான் கதை. ஒளிப்பதிவு ஃபௌசியா ஃபாத்திமா, படத்தொகுப்பு பீனா பால் என்று முழுக்கப் பெண்களை வைத்தே எடுத்தார். நாயகியாக நடித்த ஷோபனாவுக்கும் பீனா பாலுக்கும் தேசிய விருது, சிறந்த ஆங்கிலப் படம் என்று படத்துக்கும் ஒன்று. அப்புறம் 2004-ல் எச்ஐவி பற்றி இந்தியில் 'ஃபிர் மிலேங்கே'.

தமிழில் ஒரு முழுநீளப் படம் இயக்குங்கள் மேடம். முதல் நாள் முதல் காட்சிக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.