வேன் கிளம்புவதற்கு முன்

அப்பா கோத்தகிரியில் மைக் செட் வைத்திருந்தார். கல்யாண வீடு என்றால் விடிவதற்கு முன்பே கூம்பு ஸ்பீக்கரை மரத்தில் ஏற்றிக் கட்டிவிடுவார். எட்டு வயதில் அவர் பின்னால் ஒயர் சுற்றிக்கொண்டு திரிந்தவன் நான். இன்று என் மேஜையில் லேப்டாப்பும் கன்ட்ரோலரும் இருக்கின்றன, விசிட்டிங் கார்டில் டிஜே என்று போட்டிருக்கிறேன். ஆனாலும் அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடத்தை இன்னும் விடவில்லை: வீட்டுப் பெரியவர் கையைத் தூக்கினால் அந்த நொடியே பாட்டு நிற்க வேண்டும்.

போன மாதம் குன்னூரில் ஒரு வரவேற்பு. இரண்டு பக்கமும் நீலகிரி மலையின் படுகர் சமூகக் குடும்பம். கல்யாணம் காலையிலேயே மாப்பிள்ளையின் ஹட்டியில், அதாவது அவர்கள் ஊரில், முடிந்துவிட்டது. மாப்பிள்ளைக்குக் கோயம்புத்தூரில் வேலை, அதனால் கூட வேலை செய்பவர்கள் மூன்று வேன் நிறைய வந்திருந்தார்கள். நான் போனதும் முதலில் தேடிப் பிடித்தது வேன் டிரைவர்களைத்தான். “எப்போ கிளம்புறீங்கண்ணா?” என்றேன். “எட்டரைக்கு மேல ஒரு நிமிஷம் நிக்க மாட்டேன் தம்பி, பனி இறங்கிடும்” என்றார் ஒருவர்.

அந்த எட்டரையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டுத்தான் மாலை முழுவதையும் அமைத்தேன். கீழே கோயம்புத்தூரில் டிஜே போடும் நண்பன் சாப்பாடு முடிந்து ஒன்பதரைக்குத்தான் ஆட்டத்தையே ஆரம்பிப்பான். மலையில் அது நடக்காது. மேட்டுப்பாளையம் இறங்க 14 கொண்டை ஊசி வளைவு, பர்லியார் தாண்டினால் யானை நிற்கலாம். வெளியூர்க்காரர்கள் மனசெல்லாம் அந்த ரோட்டில்தான் இருக்கும். அதனால் எங்கள் ஊரில் கல்யாணத்தின் உச்சம் ஏழரைக்கு வந்துவிட வேண்டும்.

ஐந்து மணிக்கு மேடையில் வரிசை தொடங்கியது. 400 பேர், ஆளுக்குக் கால் நிமிடம் என்றாலும் 100 நிமிடம். இந்த நேரத்தில்தான் புது டிஜேக்கள் அவசரப்படுகிறார்கள். கூட்டத்தைப் பார்த்ததும் குத்துப்பாட்டைப் போட்டால், வாழ்த்த வந்த பெரியம்மா பெண்ணின் காதுக்குள் கத்த வேண்டியிருக்கும். நான் புல்லாங்குழலும் வீணையும்தான் வைத்தேன், பேச்சுச் சத்தத்துக்குக் கீழேயே. வரிசை கதவுக்குள் சுருங்கியதும் பழைய மெலடிக்கு மாறினேன். ஆட்கள் தாங்களாகவே முணுமுணுக்கத் தொடங்கினால் அடுத்த படிக்குப் போகலாம் என்று அர்த்தம்.

அப்புறம் பந்தி. சமையல் மேஸ்திரியிடம் முன்பே பேசி வைத்துக்கொள்வேன். “முதல் பந்திக்கு எத்தனை இலைண்ணா?” “நூத்தியிருபது.” அப்படியென்றால் அவர் கூப்பிட்ட நிமிடத்தில் மண்டபத்தில் 120 நாற்காலி காலியாகும். நல்ல பாட்டை அங்கே வீணாக்கக் கூடாது. அன்று வேனில் வந்தவர்களை முதல் பந்தியில் உட்கார வைக்கச் சொன்னேன், பெண்ணின் மாமா உடனே ஏற்பாடு செய்தார். ஏழு பத்துக்குக் கை கழுவிவிட்டு அவர்கள் உள்ளே வந்தபோது ஸ்பீக்கர் தயாராக இருந்தது.

மலைக் குளிரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். வண்டியில் குளிர்ந்து கிடந்த, ஒலியைக் கலக்கும் மிக்சரை சூடான மண்டபத்துக்குள் கொண்டுவந்தால் மேலெல்லாம் ஈரம் பூக்கும். அரை மணி நேரமாவது திறந்து வைத்து, துடைத்துவிட்டுத்தான் கரண்ட் கொடுப்பேன். கார்ட்லெஸ் மைக்கின் பேட்டரியும் குளிரில் சீக்கிரம் சோர்ந்துவிடும், மாற்று பேட்டரி என் சட்டைப் பையில் உடம்புச் சூட்டிலேயே இருக்கும்.

ஏழே கால் முதல் ஏழே முக்கால் வரை சினிமாப் பாட்டு, இளசுகள் ஆட்டம். பிறகு படுகப் பாட்டு. இங்கே என் கை அப்படியே மாறிவிடும். சினிமாப் பாட்டை ஒரு நிமிடத்தில் வெட்டி அடுத்ததோடு ஒட்டலாம், கூட்டம் கத்தும். படுக ஆட்டம் வட்டத்தில் ஆடுவது. வெள்ளை வேட்டி, சால்வை, தலைப்பாகையோடு தாத்தாக்கள் முதலில் வந்து நின்றார்கள். ஒரே அடி, ஒரே திருப்பம், ஒரே கைவீச்சு. புதிதாக வருகிறவர் பக்கத்தில் இருப்பவரின் காலைப் பார்த்துப் பிடித்துக்கொள்வார். அதற்கு நேரம் வேண்டும். நடுவில் பாட்டை வெட்டினால் ஐம்பது பேரின் கால் ஒரே நேரத்தில் தடுமாறும், முதல் வருடம் அதைச் செய்துவிட்டு ஒரு தாத்தாவின் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றிருக்கிறேன். இப்போது முழுப் பாட்டையும் ஓடவிடுவேன். மெதுவானதில் தொடங்கி, வட்டம் இறுகிய பிறகு கொஞ்சம் வேகமானது. “ஹௌ ஹௌ” என்று குரல் எழும்பும்போது என் கை எந்தக் குமிழையும் தொடாது.

கோயம்புத்தூர்ப் பிள்ளைகள் முதலில் செல்போனில் படம் எடுத்துக்கொண்டு நின்றார்கள். மூன்றாவது பாட்டில் அதில் பாதிப் பேர் வட்டத்துக்குள் இருந்தார்கள். ஒரு பெண் எதிர்ப் பக்கம் திரும்பித் திரும்பித் தடுமாற, பக்கத்திலிருந்த பாட்டி அவள் முழங்கையைப் பிடித்துத் திருப்பிவிட்டுக்கொண்டே இருந்தார். எட்டு இருபதுக்கு மைக்கில் வேனுக்கு நேரமாகிவிட்டது என்று நானே சொன்னேன். யாரும் முகம் சுளிக்கவில்லை. ஆடிய சூட்டோடு ஏறிப் போனார்கள்.

ஒன்பது மணிக்கு மேல் பாஸை, அதாவது அதிரும் கனத்த ஒலியை, குறைத்துவிடுவேன். இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் தங்கிவிடும், சத்தம் மேலே கலைந்து போகாமல் கீழேயே வளைந்து எதிர் மலை வரை போகும். அங்கே எஸ்டேட் லைன் வீடுகள் இருக்கின்றன, காலையில் கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் தூங்க வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் வருடத்து ஒலி மாசு விதிகளே சொல்கின்றன. மண்டபத்துக்குள் என்றாலும் நான் பத்து நிமிடம் முன்பே முடித்துவிடுவேன்.

அன்றும் ஒன்பது ஐம்பதுக்குப் பெண்ணின் மாமா கையைத் தூக்கினார். நிறுத்தினேன். வட்டம் நிற்கவில்லை. தாத்தா ஒருவர் பாட்டை வாயிலேயே எடுத்தார், மற்றவர்கள் கைதட்டலில் பிடித்துக்கொண்டார்கள். நான் ஸ்பீக்கரை அணைத்துவிட்டு அந்தத் தட்டலோடு ஒயரைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.