கொட்டேஷனை வரி வரியாகக் கேளுங்கள்: பெங்களூரில் நான் கார் வாங்கிய அனுபவம்

2025 செப்டம்பர் 22-ஆம் தேதி சின்ன கார்களுக்கு ஜிஎஸ்டி குறைந்தது. நாலு மீட்டர் நீளத்துக்குள், 1200 சிசிக்குள் இருக்கும் பெட்ரோல் காருக்கு அதுவரை 28 சதவீத வரி, அதற்கு மேல் ஒரு சதவீத செஸ் என்ற கூடுதல் வரி. இப்போது மொத்தமே 18. அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் ஆபரேஷன் ஆனதிலிருந்தே கார் யோசனை இருந்தது. ஆட்டோவில் ஏறி இறங்குவது அவளுக்கு ரொம்பச் சிரமம். வரி குறைந்ததும் இனி தள்ளிப்போட வேண்டாம் என்று இறங்கினேன். எங்கள் வீடு ராமமூர்த்தி நகரில். ஆட்டோமேடிக் கியர் உள்ள ஒரு ஹேட்ச்பேக், எக்ஸ் ஷோரூம் விலை, அதாவது பதிவும் இன்ஷூரன்ஸும் சேராத விலை, 8,40,000 ரூபாய் என்று மாடலையும் முடிவு செய்துவிட்டுத்தான் ஷோரூம் படியேறினேன்.

முதலில் போனது ஓல்டு மெட்ராஸ் ரோடு பக்கம் இருந்த ஒரு டீலரிடம். துணைக்குத் தம்பி வந்திருந்தான். சேல்ஸ்மேன் எங்கள் இரண்டு பேருக்கும் காபி கொடுத்தார். ஆனால் பேச்சு முழுக்கத் தம்பியோடுதான். "சார், உங்க பட்ஜெட் என்ன? சார், டெய்லி எவ்வளவு ஓட்டுவீங்க?" தம்பி இரண்டு தடவை சொன்னான், "அக்காவைக் கேளுங்க, வாங்கறது அவங்க." அப்போதும் என் பக்கம் திரும்பி அவர் கேட்டது, எந்தக் கலர் பிடிக்கும் என்பதை மட்டும்தான். லோன் என் பேரில், இஎம்ஐ என் சம்பளத்தில். பதினைந்து வருஷமாக அக்கவுன்ட்ஸ் வேலை பார்க்கிறேன். என்னிடம் கலரைத் தவிர வேறு எதையும் பேச அவருக்குத் தோன்றவில்லை. கூடப் படித்த தோழிகள் நாலைந்து பேரிடம் இதைச் சொன்னேன். அத்தனை பேருக்கும் இதே அனுபவம் இருந்திருக்கிறது. இது ஒரு ஆளின் குணமாக எனக்குப் படவில்லை. இப்படித்தான் பேச வேண்டும் என்று பழகிப்போயிருக்கிறார்கள். டீலர்கள் மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும்.

நாங்கள் தமிழ் என்று தெரிந்ததும் அவர் குரல் மாறியது. அவருக்கு வாணியம்பாடியாம். அதன்பின் நான் 'மேடம்' இல்லை, 'அக்கா'. "நம்ம ஊருக்காரங்க அக்கா நீங்க, உங்ககிட்ட போய் ஒண்ணு வெச்சு ஒண்ணு பேசுவேனா? ஆன் ரோடு பத்து முப்பதுக்கு முடிச்சுத் தரேன்." அதாவது பதிவு, இன்ஷூரன்ஸ் எல்லாம் சேர்த்து பத்து லட்சத்து முப்பதாயிரம். அதில் எதற்கு எவ்வளவு என்று எழுதித் தரக் கேட்டேன். புக் செய்தால்தான் சிஸ்டத்தில் கொட்டேஷன் வரும் என்றார். ஆயுத பூஜைக்கு வண்டி வேண்டுமென்றால் இன்றே புக் செய்யுங்கள் என்று வேறு நெருக்கினார். பெங்களூரில் ஆயுத பூஜை அன்று வண்டி எடுக்க எவ்வளவு கூட்டம் வரும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். ரத்து செய்தால் முழுப் பணமும் திரும்ப வரும் என்று ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொண்டு 11,000 ரூபாய் கட்டினேன்.

மறுநாள் கொட்டேஷன் வந்தது. மொத்தம் 10,72,300.

எக்ஸ் ஷோரூம் 8,40,000. ரெஜிஸ்ட்ரேஷன் 1,44,000. இன்ஷூரன்ஸ் 46,800. எசென்ஷியல் கிட் 19,900. எக்ஸ்டென்டட் வாரன்ட்டி 14,500. ஹேண்ட்லிங் சார்ஜ் 6,500. ஃபாஸ்டேக் 600.

ரெஜிஸ்ட்ரேஷன் தொகையைத்தான் முதலில் பிடித்தேன், ஏனென்றால் அதை வீட்டிலேயே கணக்குப் போட்டுப் பார்த்துவிடலாம். கர்நாடகாவில் 5 லட்சத்திலிருந்து 10 லட்சம் வரையிலான காருக்கு ஆயுள் வரி 14 சதவீதம். அந்த வரியின் மேல் 11 சதவீதம் செஸ். 8,40,000-க்கு வரி 1,17,600, செஸ் 12,936, ஆக 1,30,536. பதிவுக் கட்டணம் 600, லோன் இருப்பதை ஆர்சியில் (பதிவுச் சான்றிதழில்) குறிக்கும் ஹைபாதிகேஷனுக்கு 1,500, ஸ்மார்ட் கார்டு 200. எல்லாம் கூட்டினால் 1,32,836. பதினோராயிரத்துச் சொச்சம் இடிக்கிறது. போன் போட்டுக் கேட்டேன். "அது ஏஜென்ட் செலவு, நம்பர் பிளேட் எல்லாம் சேர்த்து அக்கா." 2019 ஏப்ரலிலிருந்து புது வண்டிகளுக்கு உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் வண்டியோடு வந்தாக வேண்டும், அதற்குத் தனியாகக் காசு கிடையாது. அதைச் சொன்னதும், மேனேஜரைக் கேட்டுச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டார்.

ஹேண்ட்லிங் சார்ஜ் பற்றிக் கேட்டால், யார்டிலிருந்து ஷோரூமுக்குக் கொண்டு வரும் செலவாம். விற்கிற பொருளைத் தன் கடைக்குக் கொண்டு வருவது விற்கிறவரின் வேலை. எசென்ஷியல் கிட் என்பது மிதியடி, மட் ஃபிளாப், கார் கவர், ஒரு வாசனைப் புட்டி. மிதியடியும் கவரும் ஜேசி ரோட்டில் கடை கடையாகக் கிடைக்கிறது. பின்னாளில் அங்கே பாதிக்கும் குறைவான விலையில் வாங்கினேன். ஒயரை வெட்டி ஒட்டும் லைட், மியூசிக் சமாச்சாரங்களை மட்டும் வெளியில் செய்யாதீர்கள், வாரன்ட்டிக்குச் சிக்கல் வரும்.

அதிகம் சண்டை போட்டது இன்ஷூரன்ஸுக்குத்தான். புது காருக்கு மூன்று வருஷத்துக்கான தர்ட் பார்ட்டி பாலிசி கட்டாயம். 1000-லிருந்து 1500 சிசி வரை அதற்கான பிரீமியம் 10,640 ரூபாய், 2022 ஜூனில் அரசு நிர்ணயித்தது. எந்தக் கம்பெனிக்குப் போனாலும் அது மாறாது. சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதியில்தான் ஆளுக்கு ஒரு விலை. அதே ஐடிவி (வண்டிக்குப் போடும் காப்பீட்டு மதிப்பு), அதே ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காமல் கிளெய்ம் தரும் கூடுதல் கவர்) போட்டு வெளியில் விசாரித்தபோது ஜிஎஸ்டியோடு சேர்த்து 33,400 சொன்னார்கள். வெளியில் எடுத்தால் டிஸ்கவுன்ட் கிடையாது, எங்கள் ஒர்க்‌ஷாப்பில் கேஷ்லெஸ், அதாவது கையிலிருந்து பணம் கட்டாமல் ரிப்பேர் செய்யும் வசதி, கிடையாது என்று டீலர் பயமுறுத்தினார். பாலிசியை எங்களிடம்தான் எடுக்க வேண்டும் என்று டீலர் கட்டாயப்படுத்தக் கூடாது. இன்ஷூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2017-லேயே இதற்கு வழிகாட்டுதல் போட்டிருக்கிறது. கேஷ்லெஸ் இருக்கிறதா என்பதை அந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியின் கேரேஜ் பட்டியலில் நாமே பார்த்துக்கொள்ளலாம். நான் பார்த்தேன், அந்த ஒர்க்‌ஷாப்பின் பெயரே பட்டியலில் இருந்தது.

இதற்கிடையில் பெரியப்பா மகன் ஒரு யோசனை சொன்னார்: ஓசூரில் டிஎன் 70 நம்பர் போட்டுவிடு, வரி மிச்சம். தமிழ்நாட்டில் இந்த விலைக்கு 13 சதவீதம்தான், இருபதாயிரம் போல மிச்சமாகும், உண்மைதான். ஆனால் என் விலாசம் பெங்களூர். வேறு மாநிலத்தில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வண்டி இருந்தால் அங்கே மறுபதிவு செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-வது பிரிவு சொல்கிறது. இங்கே வரி கட்டிவிட்டு அங்கே கட்டினதைத் திரும்ப வாங்க அலைய வேண்டும். வேண்டாம் என்றுவிட்டேன்.

புக்கிங்கை ரத்து செய்யச் சொல்லி மெயில் போட்டேன். அன்று மாலையே வாணியம்பாடித் தம்பியின் போன் நின்றுபோனது. 'கேன்சலேஷன் சார்ஜ்' 5,000 பிடிப்போம் என்று அக்கவுன்ட்ஸ் பிரிவிலிருந்து பதில் வந்தது. ரசீதைப் படமெடுத்து, கார் கம்பெனியின் கஸ்டமர் கேருக்கும் சேர்த்து அனுப்பினேன். பதில் இல்லை. 1915-க்கு அடித்தேன். அது தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலும் பேசலாம். புகார் பதிவான எண்ணை டீலருக்கு அனுப்பினபின் 11,000 முழுசாக வந்து சேர்ந்தது. வாயால் சொன்ன வாக்குறுதியைப் புகாரில் காட்ட முடியாது. ரசீதில் இருந்த அந்த ஒரு வரிதான் பணத்தை மீட்டுத் தந்தது.

இரண்டாவதாகப் போனது ஓசூர் ரோட்டில் இருந்த இன்னொரு டீலரிடம். இந்தத் தடவை அம்மாவையும் அழைத்துப் போனேன். வந்தது ஒரு கன்னடப் பெண், இருபத்தைந்து வயதிருக்கும். "பன்னி மேடம்" (கன்னடத்தில் 'வாங்க மேடம்') என்று என்னைப் பார்த்துச் சொன்னாள், யாருக்கு வண்டி, யார் ஓட்டுவார்கள் என்று என்னையே கேட்டாள். அம்மா நடப்பதைப் பார்த்ததும் உள்ளே இருந்த காட்சி வண்டியை விட்டுவிட்டு, டெஸ்ட் டிரைவ் வண்டியை வாசலில் சமதளமாக இருந்த இடத்தில் நிறுத்தச் சொன்னாள். முன் சீட்டை முழுசாகப் பின்னால் தள்ளி, உயரத்தை ஏற்றினாள். "ஆன்ட்டி, முதல்ல சீட்டுல உட்காருங்க, அப்புறம் ரெண்டு காலையும் சேர்த்து உள்ள வைங்க" என்று தன் தமிழில் சொன்னாள். அம்மா மெதுவாக உட்கார்ந்து திரும்பினாள். இறங்கும்போது கதவைப் பிடிக்கப் போனாள். கதவு ஆடும், மேலே இருக்கும் கைப்பிடியைப் பிடியுங்கள் என்று அந்தப் பெண் அம்மாவின் கையை எடுத்து அங்கே வைத்தாள். பின் சீட்டிலும் ஏறி இறங்கிப் பார்க்கச் சொன்னாள். அடுத்த கஸ்டமர் காத்திருந்தும் அம்மாவை அவசரப்படுத்தவில்லை. நாங்கள் கேட்ட ஆட்டோமேடிக் வண்டியைத்தான் ஓட்டக் கொடுத்தாள். ஃப்ளைஓவரில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்றேன், சரி என்றாள். முதல் இடத்தில் கிடைத்தது மேனுவல் வண்டி, அதுவும் நேர் ரோட்டில் ஒரு ரவுண்டு. கியர் வேறான வண்டியை ஓட்டிப் பார்த்து எதை முடிவு செய்வது?

விலைக்கு வந்தோம். கேட்காமலேயே ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக அச்சடித்துத் தந்தாள். ரெஜிஸ்ட்ரேஷன் நான் போட்ட அதே 1,32,836. கிட் வேண்டாமென்றேன், அதை அடித்துவிட்டாள். ஹேண்ட்லிங் சார்ஜ் அதில் இல்லவே இல்லை. இன்ஷூரன்ஸ் வெளியில் எடுக்கிறேன் என்றதும், எங்கள் விலையைக் குறைத்துப் பார்க்கிறேன் என்று உள்ளே போய்வந்து 36,000 சொன்னாள். அதுவும் அதிகம்தான் என்றேன், உங்கள் இஷ்டம் என்று விட்டுவிட்டாள். கேஷ் டிஸ்கவுன்ட் கூடுதலாகக் கேட்டதற்கு மட்டும், "அது ஆகல்ல மேடம், இந்த மாசம் பண்டிகை, கூட்டம் இருக்கு, தர மாட்டாங்க" என்றாள். முடியாததை முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்வதுதான் எனக்கு நல்ல சர்வீஸ். காபியும் சோபாவும் எல்லா ஷோரூமிலும் கிடைக்கிறது. வரி வரியாக எழுதித் தருகிறார்களா, பதிவுக்கு முன் வண்டியைக் காட்டுகிறார்களா என்ற இரண்டைக் கேட்டால் போதும், டீலர் எப்படி என்று தெரிந்துவிடும்.

இரண்டாவது கேள்வி ரொம்ப முக்கியம். வண்டி உங்கள் பேரில் ரெஜிஸ்டர் ஆகிவிட்டால் அதன்பின் கீறல் இருந்தாலும் அது உங்கள் வண்டி. அதனால் முழுப் பணம் கட்டி, பதிவுக்குப் போகும் முன் யார்டில் வண்டியைப் பார்க்க வேண்டும் என்று புக்கிங் படிவத்திலேயே எழுதினேன். அவள் மறுக்கவில்லை, ஆனால் யார்டு மேனேஜர் முகம் சுளித்தார். யார்டு பொம்மசந்திரா தாண்டி ஒரு மண் தரையில், வரிசையாக நூற்றுக்கணக்கான வண்டிகள், எல்லாவற்றின் மேலும் ஒரு விரல் தூசி. துடைத்துக் காட்டச் சொன்னேன். பின் பம்பரின் இடது ஓரத்தில் நகம் சிக்கும் அளவுக்கு ஒரு கோடு இருந்தது. தூசியோடு பார்த்திருந்தால் தெரிந்திருக்காது. பாலிஷ் போட்டுத் தருகிறோம் என்றார்கள். வேறு வண்டி கேட்டேன். அரை மணி நேரம் பேச்சு நடந்தது, அந்தப் பெண்தான் எனக்காகப் பேசினாள். வேறு வண்டி வந்தது.

அதில் பார்த்தவை: டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 3425 என்றால் 2025-இன் 34-வது வாரத்தில் செய்த டயர். ஐந்தையும் பார்க்க வேண்டும், ஸ்டெப்னியை மறந்துவிடக் கூடாது. ஓடிய கிலோமீட்டரை போனில் படமெடுத்தேன். வண்டியின் அடையாள எண்ணான வின் நம்பர் 17 எழுத்து, வண்டியில் பொறித்ததும் காகிதத்தில் இருப்பதும் ஒன்றா என்று எழுத்துக் கூட்டிப் படித்தேன். செய்த மாதமும் வருஷமும் ஃபார்ம் 21 என்ற விற்பனைச் சான்றிதழில் இருக்க வேண்டும். ஏசி, எல்லா ஜன்னலும், சீட் பெல்ட், ஹார்ன், ரிவர்ஸ் கேமரா. தம்பி டார்ச் அடித்துக்கொண்டே வந்தான்.

ஐப்பசியில் ஒரு நல்ல நாள் பார்த்து டெலிவரி எடுத்தோம். நாங்கள் அல்சூர் சோமேஸ்வரர் கோவிலில் பூஜை போட்டுக்கொள்கிறோம் என்றதும் ஷோரூமில் ரிப்பன், கேக் எல்லாம் சீக்கிரம் முடித்துவிட்டார்கள். டெலிவரிக்குப் பின்னும் ஒரு குறை இருந்தது. நம்பர் பிளேட் வந்துவிட்டது, ஆர்சி கார்டு வரவில்லை. அந்தப் பெண் வேறு கிளைக்கு மாறியிருந்தாள், மற்றவர்கள் யாரும் பொறுப்பெடுக்கவில்லை. அரசின் பரிவாஹன் இணையதளத்தில் வண்டி எண்ணைப் போட்டு, கார்டு எந்த நிலையில் இருக்கிறது என்று நானே பார்த்து, டீலருக்கு மெயில் போட்டபின்தான் நகர்ந்தது.

அதற்கு முன்பே கம்பெனியிலிருந்து கருத்துக் கேட்டு போன் வந்தது. பத்துக்குப் பத்து சொல்லிவிடுங்கள் என்று டெலிவரி அன்றே மேனேஜர் கெஞ்சியிருந்தார், குறைந்தால் அவர்கள் இன்சென்டிவ் போய்விடுமாம். நான் விற்பனைக்குப் பத்து, யார்டுக்கு ஆறு, காகித வேலைக்கு நாலு என்று பிரித்துச் சொன்னேன், அந்தப் பெண் அம்மாவுக்குச் செய்ததையும் சொல்லி அவள் பெயரைக் குறித்துக்கொள்ளச் சொன்னேன். மேனேஜர் அடுத்த நாள் வருத்தமாக போன் செய்தார். ஆர்சி கார்டு எப்போது வரும் என்று கேட்டேன். இரண்டு நாளில் ஸ்பீட் போஸ்ட் எண்ணை அனுப்பினார்.